'பழகிடுச்சு' என்கிறோமே, மூளைக்கு உண்மையிலேயே பழகுகிறதா?

"எனக்கு அஞ்சு மணி நேரத் தூக்கம் போதும், பழகிடுச்சு." ஏழெட்டு வருஷமாக இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தாக்கல் செய்தாக வேண்டும், அதனால் 14, 15-இல் இருந்தே படுக்க ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிவிடும். அப்படி ஒரு ராத்திரி ஒரு பாத்திரக் கடையின் கணக்கில் 2,700 ரூபாய் இடித்தது. பில்லில் 81,400 என்று இருந்ததை நான் 84,100 என்று ஏற்றியிருக்கிறேன். அந்த வரியின்மேல் விரலை வைத்து மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரிந்தது. இடிக்கிற தொகை ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்பது கணக்கெழுதப் பழகும் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். அதுகூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் சும்மா திரையைப் பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது.

அதற்கப்புறம்தான் இந்த 'பழகிடுச்சு' என்ற வார்த்தையின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மூளை சில விஷயங்களுக்கு நிஜமாகவே பழகுகிறது, சில விஷயங்களுக்குப் பழகிவிட்டதாக நம்மை நம்பவைக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் தூக்கம், காப்பி, செல்போன், எரிச்சல், மனச்சோர்வு என்று தனித்தனியாகத் தெரிகிற நிறைய விஷயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் டாக்டர் இல்லை. படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், மூளை நிஜமாகவே எதற்குப் பழகுகிறது? வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தபிறகு "பூட்டினோமா?" என்று திரும்பி ஓடியிருப்பீர்கள். பூட்டித்தான் இருப்பீர்கள். கை பூட்டியது, ஆனால் நீங்கள் அங்கே இல்லை. மூளையின் அடிப்பகுதியில் பேசல் கேங்லியா என்று ஒரு பகுதி இருக்கிறது, திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகள் மெல்ல மெல்ல அதன் பொறுப்புக்குப் போய்விடும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் 1990-களில் ஆங்கில 'டி' எழுத்து வடிவத்தில் ஒரு பாதை அமைத்து, அதில் எலிகளை ஓடவிட்டு, அந்தப் பகுதியின் செல்கள் எப்போது வேலை செய்கின்றன என்று பதிவு செய்தார்கள். புதிதாக ஓடும்போது பாதை முழுக்க அந்தச் செல்கள் சுறுசுறுப்பாக இருந்தன. நன்றாகப் பழகியபிறகு ஓட்டத்தின் ஆரம்பத்தில் ஒரு துடிப்பு, முடிவில் ஒரு துடிப்பு, நடுவில் பெரும்பாலும் அமைதி. அதாவது மொத்த ஓட்டமும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது. பொட்டலத்தைப் பிரிக்க ஒரு சைகை போதும், மீதி தானாக நடக்கும்.

இந்தப் பொட்டலம் கட்டுகிற வேலைக்கு நல்லது கெட்டது தெரியாது. காலையில் எழுந்ததும் கோலம் போடப் போகிற கையும், எழுந்ததும் தலையணைக்கு அடியில் போனைத் தேடுகிற கையும் அதற்கு ஒன்றுதான்.

அடுத்தது காப்பி. நாம் விழித்திருக்கிற நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது போய் உட்காருவதற்கென்று மூளைச் செல்களில் இடங்கள் இருக்கின்றன, உட்கார உட்காரத்தான் நமக்குக் கண் சொக்கும். காப்பியிலும் டீயிலும் இருக்கிற காஃபீன் என்ன செய்கிறது என்றால், தீபாவளிக்கு முந்தின நாள் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதைத்தான் செய்கிறது. அடினோசின் ஏறி வந்தால் இடமெல்லாம் துண்டு. உட்கார முடியாமல் நின்றுகொண்டிருக்கும். களைப்பு எங்கேயும் போகவில்லை, அது உட்காராததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். துண்டை எடுத்ததும் நின்ற கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் உட்காருகிறது, காப்பி இறங்கியதும் வருகிற அந்த அசதி இதனால்தான்.

இங்கே மூளை நிஜமாகவே பழகுகிறது. தினமும் துண்டு விழுந்தால் அது கூடுதல் இருக்கைகளைப் போட்டுவிடும், அதாவது அடினோசினுக்கான இடங்களே அதிகமாகிவிடும். அதனால்தான் ஒரு டம்ளரில் நின்ற காப்பி மூன்று டம்ளருக்குப் போகிறது. திடீரென்று நிறுத்தினால் தலைவலி வருவதும் இதன் தொடர்ச்சிதான். காஃபீன் சுருக்கி வைத்திருந்த மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்துகொள்ளும், கடைசிக் காப்பிக்கு அப்புறம் அரைநாளிலிருந்து ஒரு நாளுக்குள் மண்டை இடிக்க ஆரம்பிக்கும். காப்பிகூடத் தொடாமல் விரதம் இருக்கிற நாளில் சாயங்காலம் வருகிற தலைவலிக்குப் பசியை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சாயங்காலம் ஆறு மணிக் காப்பி எனக்கு ஒரு சடங்கு மாதிரி. உடம்பில் இருக்கிற காஃபீன் பாதியாகக் குறைய பெரும்பாலானவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் நிறையவே முன்னே பின்னே இருக்கும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிக நேரம். ஆறு மணிக்குக் குடித்தால் பதினோரு மணிக்கும் பாதிக் காப்பி உள்ளே இருக்கிறது. "எனக்கு காப்பி குடிச்சாலும் தூக்கம் வந்துடும், பழகிடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு, என் மாமனார் அதில் முதல் ஆள். தூக்கம் வரும், சரி. எப்படிப்பட்ட தூக்கம் என்பதுதான் கேள்வி. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் 400 மில்லிகிராம் காஃபீனைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் கொடுத்தபோதுகூட தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேலே குறைந்திருந்தது. அது நாலு கப் கடுங்காப்பிக்குச் சமம், ஒரு டம்ளர் டீக்கு இவ்வளவு ஆகாது. ஆனாலும் நேரக் கணக்கு மனதில் இருப்பது நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தூக்கம் குறைவதற்கு மூளை பழகுமா?

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 48 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தி 2003-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ராத்திரிக்கு 8 மணி நேரம் படுக்கை, ஒரு குழுவுக்கு 6, இன்னொன்றுக்கு 4. இப்படி 14 நாள். தனியாக ஒரு குழுவை மூன்று இரவு தூங்கவே விடவில்லை. பகலெல்லாம் கவனத்தையும் நினைவையும் சோதித்தார்கள். ஆறு மணி நேரக் குழுவும் நாலு மணி நேரக் குழுவும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனார்கள், எங்கேயும் ஒரு தளத்தில் நின்று 'பழகவில்லை'. இரண்டு வாரம் முடிந்தபோது அவர்களுடைய மந்தம் ஒன்றிரண்டு இரவு முழுக்கக் கண் விழித்தவர்களின் அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. உனக்குத் தூக்கக் கலக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாள் கூடுதலாகச் சொன்னவர்கள் அப்புறம் பெரிதாக ஏற்றிச் சொல்லவில்லை. தவறுகள் ஏறிக்கொண்டே இருந்தன, களைப்பு மட்டும் ஏறாத மாதிரி அவர்களுக்குத் தோன்றியது. அதுதான் என் 'பழகிடுச்சு'! பழகியது தூக்கமின்மைக்கு இல்லை, மந்தமாக இருப்பதற்கு. நான் எவ்வளவு மந்தமாக இருக்கிறேன் என்று அளக்க வேண்டிய மூளையே மந்தமாக இருக்கும்போது அது கொடுக்கிற நற்சான்றிதழை வைத்து என்ன செய்வது?

தவறான எண்ணை ஏற்றுவதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த மாதிரி நாட்களில் வீட்டில் என் குரலைக் கேட்க வேண்டும். மகள் தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைத்ததற்கு நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து பார்த்தார். மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, ஆபத்து, பயம், கோபம் சம்பந்தப்பட்டதையெல்லாம் முதலில் பிடித்துக்கொண்டு மணி அடிப்பது அதுதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி "சரி சரி, பாட்டில் மூடிதானே" என்று அதை அடக்கும். 2007-இல் வந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்களுக்கு மனதைச் சங்கடப்படுத்தும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அமிக்டலா சுமார் 60 சதவீதம் கூடுதலாகக் கொதித்தது, அதை அடக்குகிற பகுதியோடு இருக்க வேண்டிய தொடர்பும் பலவீனமாகியிருந்தது. சில வீடுகளில் "அப்பாவுக்கு முன்கோபம், சுபாவமே அப்படி" என்று சொல்வதில் கொஞ்சம் பங்கு தூக்கக் கடனுக்குப் போக வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

சரி, சீக்கிரம் படுத்தால் போச்சு என்றால், படுத்ததும் கை போனுக்குப் போகிறது. இதற்கு டோபமைனைத் திட்டுவது இப்போது ஒரு ஃபேஷன். டோபமைன் என்றால் இன்பம் தருகிற ரசாயனம் என்று பலரும் எழுதுகிறார்கள், விஷயம் அதைவிடச் சுவாரசியமானது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்கு ஒரு சைகை காட்டி, பிறகு பழரசம் கொடுத்துச் சோதித்தார். ஆரம்பத்தில் பழரசம் வாயில் விழுந்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. பழகியபிறகு துடிப்பு சைகைக்கு மாறிவிட்டது, எதிர்பார்த்த பழரசம் வந்தபோது ஒன்றுமில்லை. எதிர்பார்த்து வராமல் போனால் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. அப்படியென்றால் இது ருசியைவிட 'நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதா, மோசமா' என்று கணக்குப் போடுகிற வேலை. ரீல்ஸில் பத்தில் எட்டு சப்பையாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்தது நன்றாக இருக்கலாம் என்ற அந்த நிச்சயமின்மைதான் கட்டைவிரலைத் தள்ளவைக்கிறது. எல்லாமே நன்றாக இருந்திருந்தால் நமக்கு எப்போதோ சலித்திருக்கும்.

திரையின் நீல வெளிச்சம்தான் வில்லன் என்கிற பேச்சை நான் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன். ராத்திரியில் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனை அந்த வெளிச்சம் தள்ளிப்போடுவது உண்மை. ஆனால் 2015-இல் வெளியான ஒரு பிரபலமான ஆய்வில், ஒளிரும் திரையில் நாலு மணி நேரம் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடத் தூக்கம் வர ஆன கூடுதல் நேரம் பத்து நிமிஷம்தான். என் விஷயத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தின்றது வெளிச்சம் இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்த சண்டை.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தினமும் படுக்கையில் கிடந்து போன் பார்த்தால் அந்தப் பொட்டலம் கட்டுகிற வேலை இங்கேயும் நடக்கும். பாயும் தலையணையும் தூக்கத்துக்கான சைகையாக இருப்பது போய், விழித்திருப்பதற்கான சைகையாக மாறிவிடும். டிவி முன்னால் நாற்காலியில் தலை தொங்கத் தூங்குகிறவர் படுக்கைக்குப் போனதும் கொட்டக் கொட்ட விழிக்கிறாரே, அது இதுதான். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் இதற்கு ஒரு வழி எழுதினார், தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இன்றைக்கும் அது இருக்கிறது. தூக்கம் வந்தால் மட்டும் படு. வரவில்லையா, புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார், கண் சொக்கும்போது திரும்பி வா. காலையில் எப்படித் தூங்கியிருந்தாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. படிக்க சுலபம். முதல் வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து அம்மா பயந்தே போனார்.

இந்த மாதிரி அறிவுரைகளைப் படிக்கும்போது ஒரு உறுத்தல் வரும். எழுதுகிறவர்கள் எல்லோரும் சத்தமில்லாத, குளுகுளு அறையை மனதில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர், கொசு, பக்கத்தில் மெயின் ரோடு, மே மாதத்தில் கரண்ட் கட் என்று இருப்பவர்களுக்கு? சென்னையிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். குறைந்த வருமானமுள்ள 452 பேரை டேட்டா என்ட்ரி வேலைக்கு அமர்த்தி, கையில் கருவி கட்டி அளந்தார்கள், 2021-இல் பொருளாதார இதழ் ஒன்றில் வந்தது. ராத்திரி சுமார் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் அவர்கள் நிஜமாகத் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். கண்மூடி, காதடைப்பான், ஆலோசனை, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்ததில் ராத்திரித் தூக்கம் 27 நிமிஷம் கூடியது. ஆனால் வேலையிலோ மனநிலையிலோ சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றம் இல்லை. வேலை இடத்திலேயே மத்தியானம் அரை மணி நேரம் படுக்க வசதி செய்து கொடுத்தார்களே, அதுதான் கவனத்தையும் வேலையையும் மனநிலையையும் தூக்கிவிட்டது. துண்டு துண்டான ராத்திரித் தூக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவதைவிட, அமைதியான ஒரு குட்டித்தூக்கம் உதவியது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிக் கண் அசருகிற நம் ஊர் வியாபாரிகளைச் சோம்பேறி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ராத்திரி தூக்கமே வராத பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மத்தியானத் தூக்கத்தைத் தவிர்ப்பது நல்லது, இருக்கிற கொஞ்ச அடினோசினையும் அது கரைத்துவிடும்.

காலை வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணுக்குள் பார்வைக்கென்று இல்லாமல், 'இப்போது பகலா ராத்திரியா' என்று மூளைக்குள் இருக்கும் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன, 2002-இல்தான் அதை உறுதி செய்தார்கள். காலை வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னால் நகரும், ராத்திரி வெளிச்சம் பட்டால் பின்தங்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுப் பத்து இருபது நிமிஷம் நின்றால்கூட அறைக்குள் டியூப்லைட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கினால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பதற்கு இந்தக் கடிகாரமும் ஒரு காரணம்.

நடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்ல ஆசை, ஏனென்றால் மூளையின் வடிவத்தையே தொடுகிற பழக்கம் அது. நினைவுகளைப் பதிகிற ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வயதாக ஆகச் சுருங்கும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் முதியவர்கள் 120 பேரில் பாதிப் பேரை வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிஷம் என்று ஒரு வருஷம் நடக்கவைத்தார்கள். நடந்தவர்களுக்கு அந்தப் பகுதியின் முன்பாகம் சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. மனச்சோர்வுக்கும் இதில் வேலை இருக்கிறது. 1999-இல் டியூக் பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு நோய் உள்ள ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரில் சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு மாத்திரை, சிலருக்கு இரண்டும் என்று கொடுத்ததில், 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். உடனே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதே ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் முதலில் வேகமாகத் தேறினார்கள். அங்கே பயிற்சியும் ஒரு குழுவாக, கூட ஒருவர் நின்று கண்காணிக்க நடந்தது. "வாக்கிங் போ, எல்லாம் சரியாயிடும்" என்று வாசலில் நின்று சொல்வதற்கும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மனச்சோர்வு நோய் வந்தவருக்குப் படுக்கையை விட்டு எழுவதே மலையைப் புரட்டுகிற வேலை. அவரிடம் பழக்கத்தை மாற்று என்று உபதேசம் செய்தால், ஏற்கெனவே தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பவர் கையில் இன்னொரு பிரம்பைக் கொடுத்த மாதிரி ஆகும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, புதுப் பழக்கம் படிய எத்தனை நாள்? 21 என்று எல்லோரும் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சையில் மாறிய முகத்துக்கு நோயாளிகள் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் 1960-இல் எழுதியதுதான் இப்படி ஆகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது சராசரி 66 நாள் வந்தது, ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18-இல் இருந்து 254 வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அவர்கள் எல்லோரும் புது வேலையை ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டினார்கள், மத்தியானச் சாப்பாட்டோடு இது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அது என்று.

நான் கட்டியது இரண்டே இரண்டு. ஆறு மணிக் காப்பி மூன்று மணிக்குப் போய்விட்டது. ராத்திரி கதவைத் தாழ் போட்டதும் போன் சார்ஜர் இருக்கிற இடம் கூடத்தில் ஃபிரிட்ஜுக்கு மேலே. 20-ஆம் தேதி நெருங்கும்போது இன்னும் பன்னிரண்டு ஆகத்தான் செய்கிறது, பொய் சொல்லவில்லை. போன மாதம் 19-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மளிகைக் கடைக் கணக்கில் 1,800 ரூபாய் இடித்தது. ஒன்பதால் வகுபடுகிறதே என்று அப்போதே தோன்றியது. தேடாமல் மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஆறரைக்கு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்தால், இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது, 64,200-க்குப் பதிலாக 62,400.